சுட்டுவிரலின் வரலாறு: காணொலிக் கூட்டமும் கூட்ட அறைத் தொடுதிரையும்

2024 பிப்ரவரி 20 அன்று, ஏர்பேட்டில் எழுந்துள்ள திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அர்ப்பணித்த பிரதமர் அப்போது ஏர்பேட்டில் இல்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஜம்முவில் நடந்த விழாவில் இருந்தார். பிலாய், கர்னூல் முதலிய இடங்களின் கல்வி வளாகங்களும் அன்று அதே மேடையிலிருந்தே திறந்துவைக்கப்பட்டன. காணொலிக் காட்சி வாயிலாக ஒரு கல்வி நிறுவனம் திறக்கப்படுவது இன்று செய்தித்தாளில் ஒற்றை வரியில் முடிந்துவிடும் செய்தி. முகமும் குரலும் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்வதில் இனி வியப்பில்லை.

ஆனால் அத்தகைய வளாகங்களின் கூட்ட அறைகளில் நாள்தோறும் நிகழும் மற்றொன்றும் உண்டு. சுவரில் 75 அல்லது 86 அங்குலத் தொடுதிரை. மடிக்கணினி இணைக்கப்படுகிறது, கூட்டம் தொடங்குகிறது, படம் தெளிவு, ஒலி தெளிவு. பேசுபவர் எழுந்து சென்று திரையிலுள்ள வரைபடத்தின் ஓரிடத்தில் விரலை வைக்கிறார். ஒன்றும் அசைவதில்லை. அல்லது, பெரிய திரையில் தொட்டதற்கு மேசையிலுள்ள மடிக்கணினித் திரையில் சுட்டி நகர்கிறது. அறையில் இருப்போர் அவரது விரலைப் பார்க்கின்றனர். தொலைவில் இருப்போருக்கு அவர் எதைக் காட்டுகிறார் என்பதே தெரிவதில்லை.

இதை நாம் பெரும்பாலும் தொழில்நுட்ப உதவியாளரை அழைத்துத் தீர்க்கவேண்டிய சிறு கோளாறாகவே கருதுகிறோம். இதற்குப் பின்னால் அறுபதாண்டுக் கால வரலாறு ஒன்று இருக்கிறது என்பதே இப்பதிவின் வாதம். காணொலிக் கூட்டத்தின் வரலாற்றில் முகத்துக்கும் குரலுக்கும் நிறுவனங்களைக் கடந்த பொதுத் தரநிலைகள் உருவாகிப் புழக்கத்தில் நிலைத்தன. கைக்கு, அதாவது சுட்டுவதற்கும் எழுதுவதற்கும், உருவான தரநிலைகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. அந்த இழப்பின் விலையைப் பெரிதும் கொடுப்பவை, ஒருமுறை வாங்கிய கருவியைப் பத்தாண்டுகள் ஓட்டவேண்டிய பொதுக் கல்வி நிறுவனங்கள்.

1. சுட்டு என்னும் இலக்கண வகை

மொழியியல் மாணவருக்குச் சுட்டுதல் சிறு செயலன்று. பேசுபவர் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் அறியாமல் பொருள் கொள்ளமுடியாத சொற்களைச் சுட்டுச்சொற்கள் என்கிறோம். தொல்காப்பியம் நூன்மரபிலேயே அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டாக வகுத்துவிடுகிறது. இகரம் அண்மைக்கும் அகரம் சேய்மைக்கும் உரியன. உகரச் சுட்டு இன்றைய தமிழகப் பேச்சில் வழக்கிழந்துவிட்டது. ஈழத்துத் தமிழில் ‘உது’, ‘உவன்’, ‘உங்கை’ என இன்றும் உயிர்ப்புடன் இருக்கிறது. கேட்பவர் பக்கத்தில் இருப்பதைக் குறிக்க அது பெரிதும் பயன்படுகிறது.

இச்சொற்கள் பல நேரங்களில் கையின் துணையின்றி முழுமை பெறுவதில்லை. ‘இந்த வளைவு இங்கே ஏன் இறங்குகிறது?’ என்று கேட்பவர் விரலை வைக்காவிட்டால் அக்கேள்விக்குப் பொருளே இல்லை. வகுப்பறையில் ஆசிரியர் பேசும் பேச்சை எழுத்தில் பெயர்த்துப் பார்த்தால், கரும்பலகை இல்லாமல் புரியாத வாக்கியங்கள் எத்தனை என்பது விளங்கும். தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் ஏர்பேடு, சீகாளத்திப் பகுதியில் ‘இது’ என்றாலும் ‘இதி’ என்றாலும் விரல் செய்யும் வேலை ஒன்றுதான்.

இதற்கு அளவீடு சார்ந்த சான்றும் உண்டு. 1980களின் இறுதியில் ஜான் டாங் என்னும் ஆய்வாளர், சிறு குழுவினர் ஒரே தாளைச் சுற்றி அமர்ந்து வடிவமைப்பில் ஈடுபடுவதைப் படம்பிடித்து ஆராய்ந்தார். தாளின்மீது நிகழ்ந்த செயல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எழுதுவதோ வரைவதோ அல்ல, கைச்சைகை என்று அவர் கண்டார். தாளில் எஞ்சும் கோடுகளை மட்டும் தொலைவுக்கு அனுப்பினால் அந்த ஒரு பங்கு வழியிலேயே மறைந்துபோகும்.

2. தொடக்கத்தில் கை இருந்தது

காணொலிக் கூட்டத்தின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவது 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏடி அண்டு டி நிறுவனம் காட்டிய ‘பிக்சர்ஃபோன்’. 1970இல் பிட்ஸ்பர்க் நகரில் வணிகச் சேவையாகத் தொடங்கப்பட்ட அது விலை மிகுதியால் தோற்றது. அது முகத்தைக் காட்டும் தொலைபேசி; அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நம் பொருளுக்கு நெருக்கமான தொடக்கம் வேறொன்று. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் நிகழ்த்திய செயல்விளக்கத்தில், ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்த மென்லோ பார்க் ஆய்வகத்தின் பில் பாக்ஸ்டன் திரையில் தோன்றினார். இருவரும் ஒரே ஆவணத்தைப் பார்த்தனர். இருவருடைய சுட்டிகளும் ஒரே திரையில் நகர்ந்தன. அது ஆறு மீட்டருக்கும் அதிக அகலமுடைய பெருந்திரையில் அவைக்குக் காட்டப்பட்டது. முகம், குரல், பொது ஆவணம், இரண்டு கைகள் ஆகிய நான்கும் அந்த முதல் நாளிலேயே இருந்தன.

தொடுதிரையும் ஏறத்தாழ அதே காலத்துப் பிறப்புத்தான். 1965இல் இங்கிலாந்தின் ராயல் ரேடார் நிறுவனத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கெனத் தொடுதிரை ஒன்றை விவரித்து எழுதினார். 1972இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ‘பிளேட்டோ 4’ கணினிவழிக் கல்வி அமைப்பு மாணவர்களின் கைக்குத் தொடுதிரையைக் கொண்டுசேர்த்தது. அதன் திரையைச் சுற்றி அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சென்றன. விரல் எந்தக் கதிர்களை மறிக்கிறதோ அதைக் கொண்டு இடம் கணிக்கப்பட்டது. இன்று நம் வகுப்பறைகளில் மாட்டப்படும் பெருந்தொடுதிரைகளில் பல இதே நெறியில் இயங்குபவை. திரையின் சட்டத்துக்குள் அகச்சிவப்பு உமிழிகளும் உணரிகளும் வரிசையாக அமைந்திருக்கும். கண்ணாடிக்கு மின்னுணர்வு எதுவும் தேவையில்லை. பெரிய பரப்பைக் குறைந்த செலவில் தொடுபரப்பாக்க இம்முறை உதவுவதே இதற்குக் காரணம்.

1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் என்டிடி ஆய்வகத்தில் ஹிரோஷி இஷீயும் மினோரு கோபயாஷியும் ‘கிளியர்போர்டு’ என்னும் அமைப்பை உருவாக்கினர். இருவர் ஒரு கண்ணாடியின் இருபுறமும் நின்று எழுதுவதுபோன்ற தோற்றத்தை அது அளித்தது. எதிரிலிருப்பவரின் பிம்பத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டியதால் எழுத்து தலைகீழாகத் தெரியவில்லை. எதிராளியின் கை எங்கே இருக்கிறது என்பது மட்டுமன்று, அவர் கண் எங்கே பார்க்கிறது என்பதும் புலப்பட்டது. ஈழத்தமிழரின் ‘உது’ தொலைவைக் கடந்த அரிய கணங்களுள் அது ஒன்று எனலாம். முப்பதாண்டுகளுக்குப் பின்னும் நம் கூட்ட அறைகள் அந்த நிலையை எட்டவில்லை.

3. தரநிலைகள்: ஒன்று வாழ்ந்தது, ஒன்று மாய்ந்தது

இரு வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசவேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவான இலக்கணம் தேவை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990இல் எச்.320 என்னும் தரநிலையை வகுத்தது. அது ஐஎஸ்டிஎன் தொலைபேசி இணைப்புகளின்வழி காணொலி அனுப்புவதற்கானது. அதன் படநெறியான எச்.261, 352க்கு 288 புள்ளிகள் கொண்ட பொதுப் பட அளவொன்றைக் கொண்டிருந்தது. அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளின் தொலைக்காட்சி முறையும் ஐரோப்பிய முறையும் ஒத்துப்போகாத நிலையில், இருதரப்பும் ஏற்கத்தக்க இடைநிலை அளவு அது. 1996இல் கணினி வலைப்பின்னல்களுக்கான எச்.323 வந்தது. 2002இல் எஸ்ஐபி நெறிமுறை இன்றைய வடிவத்தைப் பெற்றது. இவற்றின் பயனாக ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியை அழைக்க முடிந்தது.

இதே பத்தாண்டில் கைக்கும் ஒரு தரநிலை உருவானது. டி.120 என்னும் தொகுதி தரவுப் பகிர்வுக்கானது; அதன் உறுப்பான டி.126 வெண்பலகையில் எழுதுவதையும் குறியிடுவதையும் சுட்டுவதையும் வரையறுத்தது. அதன்படி கோடு ஒன்று படமாகச் செல்வதில்லை; கோடாகவே செல்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, என்ன நிறம், என்ன தடிமன் என்பவை மறுமுனைக்குத் தெரிந்தன. மறுமுனையில் இருப்பவர் அதை அழிக்கலாம், நகர்த்தலாம், தொடர்ந்து எழுதலாம். 1996இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘நெட்மீட்டிங்’ மென்பொருள் இத்தரநிலையைப் பின்பற்றியது.

பின்னர் நிகழ்ந்த மாற்றம் அமைதியானது. 2003இல் எச்.239 வந்தது. பேசுபவரின் முகத்தோடு கூடவே, கணினித் திரையின் படத்தையும் இரண்டாவது காணொலியாக அனுப்ப அது வழிவகுத்தது. அதைச் செயல்படுத்துவது எளிது. எந்த மென்பொருள் திரையில் ஓடினாலும் கவலையில்லை, படம் படம்தான். உற்பத்தியாளர்கள் அதையே விரும்பினர். டி.120 மெல்ல வழக்கொழிந்தது; விண்டோஸ் விஸ்டாவில் நெட்மீட்டிங் இடம்பெறவில்லை. பகிரப்பட்ட ஆவணம் பகிரப்பட்ட படமாயிற்று. மறுமுனையில் இருப்பவர் அதைக் காணலாம், தொடமுடியாது.

இன்று நாம் ‘திரையைப் பகிர்தல்’ என்று சொல்வதும் இந்த மரபில் வந்ததே. உண்மையில் பகிரப்படுவது திரையன்று, திரையின் பிம்பம்.

4. ஆந்திராவில் ஒருவழிப் படம்

ஒருவழிப் படத்துக்கு இம்மண்ணில் தனி மரபு உண்டு. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற ‘சைட்’ செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனை, ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளைக் கொண்டுசென்றது. மகத்தான முயற்சி, ஆனால் கிராமத்தார் பார்வையாளர் மட்டுமே. 1990களின் செயற்கைக்கோள்வழிப் பயிற்சி வகுப்புகளில் படம் ஒருவழியாகவும் ஒலி இருவழியாகவும் சென்றன. ஆசிரியரைக் காணலாம், தொலைபேசியில் கேள்வி கேட்கலாம். அப்பத்தாண்டின் இறுதியில் அன்றைய முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு ஐதராபாத்திலிருந்து மாவட்ட ஆட்சியர்களோடு காணொலியில் ஆய்வுக் கூட்டம் நடத்தியது நாடெங்கும் பேசப்பட்டது.

2004 செப்டம்பர் 20 அன்று, கல்விக்கெனவே உருவாக்கப்பட்ட எடுசாட் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. 2022இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபின் ஏவுதளமும் ஏர்பேடும் ஒரே திருப்பதி மாவட்டத்தில் அமைந்தன. எடுசாட் வலைப்பின்னலில் இருவகை முனையங்கள் இருந்தன: பேசவும் காட்டவும் வல்ல இருவழி முனையங்கள், பெறமட்டும் வல்ல முனையங்கள். கற்றுக்கொடுக்கும் இடம், கேட்டுக்கொள்ளும் இடம் என்ற வேறுபாடு கருவியின் அமைப்பிலேயே பதிந்திருந்தது.

2010 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலைப்பின்னல் உயர்கல்வி நிறுவனங்களை அதிவேக இழைவழி இணைத்து இந்நிலையை மாற்ற முயன்றது. அமிர்தா பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஏ-வியூ’ மென்பொருளைக் கொண்டு மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் பல கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் பயிற்சி அளித்தது. 2015இல் சென்னைக் கழகத்தின் வழிகாட்டுதலில் திருப்பதிக் கழகம் தொடங்கப்பட்டபோது, நிறுவனங்களுக்கிடையிலான காணொலி ஏற்கெனவே பழகிய செயலாகிவிட்டது. அலைவரிசைப் பற்றாக்குறை என்னும் பழைய தடை நீங்கிய இடத்தில்தான் கையின் தடை வெளிப்படையாகத் தெரியத் தொடங்கியது.

5. இரண்டு கம்பிகளின் கதை

வகுப்பறைப் பெருந்திரையின் வரலாறு காணொலியோடு தொடர்பின்றித் தனியே வளர்ந்தது. கனடாவின் ஸ்மார்ட் டெக்னாலஜீஸ் 1991இல் முதல் ‘ஸ்மார்ட் போர்டை’ வெளியிட்டது. ஒளிவீழ்த்தி படத்தைப் பலகைமீது பாய்ச்சும். பலகை விரலை உணர்ந்து கணினிக்குச் சொல்லும். படம் ஒரு கருவியிலிருந்தும் தொடுகை மற்றொரு கருவியிலிருந்தும் வந்தன. ஒளிவீழ்த்தி மறைந்து தட்டைத்திரை வந்தபின்னும் இந்தப் பிரிவினை மறையவில்லை.

எச்டிஎம்ஐ கம்பி கணினியிலிருந்து திரைக்குப் படத்தையும் ஒலியையும் கொண்டுசெல்கிறது. திரையில் நிகழும் தொடுகையைக் கணினிக்குத் திருப்பிக் கொண்டுவருவது வேறொரு கம்பி, அது யூஎஸ்பி. பயனரின் கண்ணுக்குத் திரை ஒன்று. கணினிக்கோ அது தொடர்பில்லாத இரண்டு கருவிகள். இரண்டாவது கம்பியை இணைக்க மறந்தால் படம் வரும், தொடுகை வராது. யூஎஸ்பி 2.0 கம்பியின் நீளம் ஐந்து மீட்டருக்கு மேல் செல்லலாகாது. மேசை நடுவிலிருந்து சுவருக்குத் தரைக்கடியில் கம்பி ஓடும் பெரிய அறைகளில் அந்த ஐந்து மீட்டர் எளிதில் தீர்ந்துவிடும். இடையே மிகைப்பி வைக்காத இடங்களில் தொடுகை வந்துவந்து போகும்.

இரண்டு கம்பிகளும் சரியாக இருந்தாலும் எந்தத் தொடுகை எந்தத் திரைக்குரியது என்பதை இயங்குதளம் ஊகிக்கவேண்டியிருக்கிறது. ஊகம் தவறினால், பெரிய திரையின் தொடுகை மடிக்கணினியின் திரைக்குச் சென்றுவிடும். விண்டோஸில் இதைச் சரிசெய்யும் அமைப்பு கட்டுப்பாட்டுப் பலகத்தின் ‘டேப்லட் பிசி’ பகுதிக்குள் ஒளிந்திருக்கிறது. மேக் கணினிகள் தொடுதிரையை இயல்பாக ஆதரிப்பதில்லை; உற்பத்தியாளர் தரும் தனி இயக்கி தேவை.

கருவிக்கும் கணினிக்கும் இடையிலான இந்த எல்லைக்குள் தரநிலை வெற்றிபெற்றது என்பதையும் பதிவுசெய்யவேண்டும். யூஎஸ்பியின் ‘எச்ஐடி’ வரையறை விரல்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் பொதுமொழியில் கூறக் கற்றுத்தந்தது. 2009இல் விண்டோஸ் 7 பல்விரல் தொடுகையை ஏற்றது. 2011இல் லினக்ஸ் கருநிரலில் பல்தொடுகைக்கான பொது இயக்கி சேர்ந்தது. இன்று புதிய திரை ஒன்றை இணைத்தால் பெரும்பாலும் தனி இயக்கி இன்றியே இயங்குகிறது. அறைக்குள் கை பேசத் தொடங்கிவிட்டது. அறையைக் கடக்கும்போதுதான் ஊமையாகிறது. இருபது விரல்களை உணரும் திரையாக இருந்தாலும், கூட்ட மென்பொருள் அவற்றை ஒற்றைச் சுட்டியாகச் சுருக்கிவிடுவது வழக்கம். அதன் பொத்தான்கள் மேசைக் கணினிக்கோ கைப்பேசிக்கோ ஏற்ற அளவில் அமைந்தவை. ஆள் உயரத் திரையின் உச்சியில் அவை அமைந்தால் எட்டவே எட்டாது.

6. சுவருக்குள் சுவர்

இச்சிக்கலுக்கு நிறுவனங்கள் கண்ட விடை, திரையையும் மென்பொருளையும் ஒரே கையில் கொள்வது. ஜெஃப் ஹான் 2006இல் நிறுவிய பெர்செப்டிவ் பிக்சல் நிறுவனத்தை 2012இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அந்த வழியில் 2015இல் 55, 84 அங்குலங்களில் ‘சர்ஃபேஸ் ஹப்’ அறிவிக்கப்பட்டது. கூகுள் 2016இல் 55 அங்குல ‘ஜேம்போர்டை’ அறிவித்தது. சிஸ்கோவும் தன் பலகையைக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றும் தன் வீட்டுக்குள் சிறப்பாக இயங்கியது. எழுதுகோல் தாமதமின்றி எழுதியது. மறுமுனையில் அதே நிறுவனத்தின் பலகை இருந்தால் அங்கும் எழுத்து தோன்றியது.

2020இன் ஊரடங்கு இந்த வீடுகளின் சுவர்களை எல்லோருக்கும் காட்டியது. அவ்வாண்டு ஏப்ரல் 16 அன்று ஜூம் செயலியின் பாதுகாப்புக் குறித்து இந்திய உள்துறை அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. உள்நாட்டு மென்பொருளுக்கான அரசின் போட்டியில் ஆலப்புழையின் டெக்ஜென்ஷியா நிறுவனம் ஆகஸ்டில் வென்றது. ஒரே ஆசிரியர் ஒரே வாரத்தில் மூன்று மென்பொருள்களில் கூட்டங்களுக்குச் செல்லும் நிலை வந்தது. மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ, ஜூம் ஆகியவை 2019 நவம்பரிலேயே ஓர் ஏற்பாட்டை அறிவித்திருந்தன. ஒரு நிறுவனத்தின் கூட்ட அறைக் கருவி, மற்றொன்றின் கூட்டத்தில் உலாவிவழி விருந்தினராகச் சேரலாம். முகமும் குரலும் சென்றன, திரைப்படிமம் சென்றது. வெண்பலகை விருந்தினருக்கு எட்டாத பொருளாகவே இருந்தது. டி.120 இருந்த இடம் இருபதாண்டுகளாக வெற்றிடமாகவே கிடந்ததன் விளைவு இது.

வீட்டுக்காரர் வீட்டை மூடினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. 2023 செப்டம்பரில் கூகுள் ஜேம்போர்டைக் கைவிடுவதாக அறிவித்தது. 2024 இறுதியோடு செயலியும் முடிந்தது. அதில் எழுதப்பட்டவை பிடிஎஃப் கோப்புகளாக மாற்றப்பட்டன. எழுத்து எஞ்சியது, அதைத் தொடர்ந்து எழுதும் உரிமை எஞ்சவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றபோது முதல் தலைமுறை சர்ஃபேஸ் ஹப் பலகைகளும் ஆதரவிழந்தன; அவற்றை விண்டோஸ் 11க்கு உயர்த்த வழியில்லை. கண்ணாடிக்கும் விளக்குக்கும் பழுதில்லை, மென்பொருள் முதுமையடைந்துவிட்டது.

குறைந்த விலைப் பலகைகளில் இதே கதை வேறு வடிவில் வருகிறது. பலகைக்குள் ஆண்ட்ராய்டு பொதிந்திருக்கும். கூகுளின் சான்று பெறாத பலகையானால் பிளே ஸ்டோர் இருக்காது. உற்பத்தியாளர் பதித்துத் தந்த பழைய பதிப்புச் செயலியோடு சில ஆண்டுகள் ஓடும். பிறகு கூட்டச் சேவை அப்பதிப்பை ஏற்க மறுக்கும். ஆந்திர அரசு 2023இல் ‘நாடு–நேடு’ திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளில் முப்பதாயிரம் அளவிலான ஊடாடு திரைகளை நிறுவியது. அத்தனை திரைகளின் எதிர்காலமும் இக்கேள்வியோடு பிணைந்ததே.

7. மைக்கும் ஓர் இலக்கணம் இருந்தது

எழுதியதைப் பொதுவடிவில் சேமிக்க முயற்சிகள் இல்லாமலில்லை. பிரிட்டனின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான பெக்டா, எல்லா ஊடாடு பலகைகளுக்குமான பொதுக் கோப்பு வடிவம் ஒன்றை ஊக்குவித்தது. ஒரு பலகையில் தயாரித்த பாடத்தை மற்றொரு நிறுவனத்தின் பலகையில் திறக்கவேண்டும் என்பதே நோக்கம். அரசின் சிக்கன நடவடிக்கையில் பெக்டா 2011இல் மூடப்பட்டது. வடிவத்தின் வேகமும் தளர்ந்தது.

அதே 2011 செப்டம்பரில் உலகளாவிய வலைச் சங்கம் ‘இங்க்எம்எல்’ என்னும் தரநிலையை ஏற்பித்தது. எழுதுகோலின் பாதையைப் புள்ளி புள்ளியாக, நேர வரிசையோடும் அழுத்தத்தோடும் பதிவுசெய்யும் வடிவம் அது. அதன் ஆக்கத்தில் பெங்களூரிலிருந்த எச்.பி. இந்திய ஆய்வகத்தினரும் பங்கேற்றனர். அதே ஆய்வகம்தான் திரையில் எழுதப்பட்ட தமிழ், தெலுங்குக் கையெழுத்துகளைத் திரட்டி ஆய்வுலகுக்கு வழங்கியது. 2006இல் 156 தமிழ்க் குறியீடுகளைக் கொண்ட கையெழுத்துணர்வுப் போட்டிக்கு அத்தொகுப்பே அடிப்படையாயிற்று.

நம் எழுத்துகளுக்கு இது ஏன் முதன்மையானது? ‘கொ’ என்னும் எழுத்தில் கொம்பும் ககரமும் காலும் எந்த வரிசையில் எழுதப்பட்டன என்பது படத்தில் தெரியாது. கோட்டின் பதிவில் தெரியும். கையெழுத்தைத் தட்டெழுத்தாக மாற்றவும், தேடவும், எழுதக் கற்கும் குழந்தை எங்கே தடுமாறுகிறது என்று அறியவும் அந்த வரிசை பயன்படும். பிடிஎஃப் படமாக உறைந்த வெண்பலகை இவை அனைத்தையும் இழந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான வகுப்பறைகளில் நாள்தோறும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதப்படுபவை, இரு மொழிகளின் கணினி ஆய்வுக்கும் இத்தனை தேவைப்படும் தரவு, மாலையில் அழிபடுகின்றன. அல்லது நிறுவனங்களின் தனி வடிவங்களுக்குள் புதைகின்றன.

8. கேட்கவேண்டியவை

வரலாறு காட்டும் படிப்பினை தெளிவானது. படத்துக்கும் ஒலிக்கும் பொதுத் தரநிலை வேண்டுமென வாங்குவோர் வற்புறுத்தினர், அது நிலைத்தது. வெண்பலகைக்கு எவரும் வற்புறுத்தவில்லை, அது மாய்ந்தது. நெறிமுறைகள் தம் சிறப்பால் மட்டும் வாழ்வதில்லை; கேட்பவர் இருக்கும்வரை வாழ்கின்றன. மொழிகளுக்கும் இது பொருந்தும் என்பதை நம் துறையினருக்குச் சொல்லவேண்டியதில்லை.

கேட்கும் வலிமை தனி ஆசிரியருக்கு இல்லை, நிறுவனத்துக்கு உண்டு. ஏர்பேட்டைச் சுற்றி மட்டும் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் இருக்கின்றன. திருப்பதியில் பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இவற்றின் கொள்முதல் ஆவணங்களில் திரையின் அங்குலமும் புள்ளியடர்த்தியும் தொடுபுள்ளிகளின் எண்ணிக்கையும் தவறாமல் இடம்பெறத்தக்கவை. மேலும் மூன்று வரிகள் சேரவேண்டும்.

முதலாவது, தொடுகை திரும்பும் வழி. மேசையிலிருந்து திரைவரை யூஎஸ்பி தடையின்றிச் செல்கிறதா, அல்லது படத்தையும் தொடுகையையும் ஒருங்கே சுமக்கும் யூஎஸ்பி-சி இணைப்பு உண்டா என்பது நிறுவும் நாளிலேயே சோதிக்கப்படவேண்டும். இரண்டாவது, கண்ணாடியின் ஆயுளையும் கணினியின் ஆயுளையும் பிரித்தல். 2010இல் இன்டெல் முன்வைத்த ‘ஓபிஎஸ்’ வரையறைப்படி பலகையின் கணினிப் பகுதி, செருகி எடுக்கக்கூடிய பெட்டியாக அமைகிறது. மென்பொருள் காலாவதியானால் பெட்டியை மட்டும் மாற்றலாம். மூன்றாவது, எழுதியதன் உரிமை. வெண்பலகையில் எழுதியவற்றை இங்க்எம்எல், எஸ்விஜி போன்ற திறந்த வடிவில் வெளியே எடுக்க முடியவேண்டும். முடியாதெனில் அந்த மென்பொருளை வகுப்பறைக்கு ஏற்கக்கூடாது.

மூன்றாவது வரியைக் கொள்முதல் பிரிவினர் தாமாகச் சேர்க்கமாட்டார்கள். எழுதுவது அவர்கள் அல்லர். பலகையின்முன் நிற்கும் ஆசிரியரும் ஆய்வாளரும் துறைக் கூட்டத்தில் அதைக் கேட்டுப் பெறவேண்டும். அடுத்த ஒப்பந்தப்புள்ளி வெளியாகும் முன்பே கேட்கவேண்டும்.